டப்பா சூடாகட்டும்

தும்பைக்குளத்தில் பாத்திரங்கள் பேசத் தொடங்கிய வருஷம் எது என்று கேட்டால் ஊர்க்காரர்கள் காலண்டரைப் பார்க்க மாட்டார்கள், தவசி அண்ணாச்சி டீக்கடையில் பாலில்லாமல் கடுங்காப்பி விற்ற வருஷம் என்பார்கள். ஆடி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், சாயங்காலம் ஆறு மணிக்கு, பஸ்ஸுக்கு நின்றவர்களும் சும்மா நின்றவர்களுமாகப் பதினாலு பேர் கிளாஸும் கையுமாக இருந்தபோது, அண்ணாச்சியின் பித்தளைப் பாய்லர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சிக்யூ, சிக்யூ, சிக்யூ, யாராவது கேக்கீங்களா, ஓவர்" என்று ஒரு பெண்பிள்ளையின் குரலில் கேட்டது. யாரும் கிளாஸைக் கீழே போட்டுவிடவில்லை. "இது நம்ம காயில்கடை சொர்ணக்கிளி குரல்லா" என்று அண்ணாச்சி பாய்லர் பக்கம் காதைச் சாய்த்த நேரத்தில் அதன் தலைமேல் இருந்த பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது, பால் வீணாய்ப் போனதைத்தான் அன்றைக்கு ஊர் பேசியது.

சொர்ணக்கிளிக்கு நாற்பத்தொரு வயது. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொடுக்கிற கடை அவளுடையது, கல்யாணம் கட்டிக்கொள்ள நேரமில்லை என்று சொல்லிச் சொல்லியே அந்த நேரத்தைக் கடத்தியவள், பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கியவள். கடையின் பின்னறையில் அவளே கட்டிய சின்ன டிரான்ஸ்மிட்டர் இருந்தது, இரண்டு வால்வு, ஒரு மைக், தென்னைக்கும் வேம்புக்கும் நடுவில் இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பி, அவ்வளவுதான். சாயங்காலமானால் அதில் மதுரையில் ஒரு வக்கீலோடும் பாலக்காட்டில் ஒரு பல் டாக்டரோடும் பேசுவாள். அந்த உலகத்தில் ஒரு மரியாதை உண்டு. பேசி முடித்தவர் "ஓவர்" என்று சொல்ல வேண்டும், என் பேச்சு முடிந்தது, இனி உன் முறை என்று அதற்குப் பொருள். அது வராமல் அடுத்தவர் வாய் திறக்கக் கூடாது.

அந்த மைக்கை ஒன்பது வருஷம் அவள் தொடாமல் இருந்ததற்குக் காரணம் அவளுடைய அக்கா ராஜகனி, மூன்று தெரு தள்ளி வாக்கப்பட்டவள். கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால், அக்கா மகள் சுபத்ராவின் சடங்குக்குத் தாய்மாமன் சீர்த்தட்டை சித்தி சொர்ணக்கிளியே தூக்கி வர வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அன்றைக்குப் பார்த்துப் புயல் அடித்தது, பதினோரு வள்ளம் கடலில் நின்றது, எந்த வள்ளம் எங்கே என்று கரைக்குச் சொல்ல ஊரிலிருந்த ஒரே ரேடியோ அவளுடையது. கடைசி வள்ளம் கரையேறியபின் அவள் நனைந்து ஓடிப்போனபோது நல்ல நேரம் முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது, அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி வேறொரு தட்டை வைத்துச் சபையை முடித்திருந்தார். வாசலில் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டது இரண்டு வரிதான், ஆனால் இரண்டும் நறுக்கென்று விழுந்தன. அதன்பிறகு ராஜகனி வாய் திறக்கவில்லை. "அவளுக்கு வாய் ரேடியோவுலதானே இருக்கு, பேசணும்னா அதுலயே பேசட்டும்" என்று மகளிடம் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அந்த வருஷம் ஆனிக் கடைசியில் சுபத்ராவுக்கு மாப்பிள்ளை அமைந்து, தையில் கல்யாணம் என்று பேச்சு வந்தது. சீர் கொண்டுவருவது மறுபடியும் அந்த ஒன்றுவிட்ட தம்பிதான் என்றும் பேச்சு வந்தது. சொர்ணக்கிளி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள், ரேடியோவில்தானே பேசச் சொன்னாள், பேசிவிட்டால் போகிறது என்று தூசி தட்டி செட்டை மறுபடி கட்டினாள். அக்கா வீட்டில் ரேடியோ கிடையாது என்பது கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. பாய்லர் பேசியது அந்த வாரம்தான்.

அந்த ஆடியும் ஆவணியும் ஊர் அவள் பேச்சை அண்ணாச்சியின் பாய்லரில்தான் கேட்டது. அவளிடம் இருந்தது தபால்தலை அளவுக் கிரிஸ்டல் ஒன்று, டிரான்ஸ்மிட்டரின் முகத்தில் செருகினால் ஒரே அலைவரிசையில் நிற்கும், இம்மி நகராது. மதுரை வக்கீலிடம் சொன்ன கருவாட்டுக் குழம்பும், பாலக்காட்டு டாக்டரிடம் சொன்ன முதுகுவலியும் டீக்கடையில் எல்லாருக்கும் தெரிந்தன. ஆவணியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு, "நாளைக்கு வர மாட்டேன், எழுந்திருக்க முடியல, ஓவர்" என்று சொன்ன மறுநாள் காலையில் வாசலில் ஒரு மண்கலயத்தில் கஞ்சியும் சுட்ட அப்பளமும் இருந்தன. அண்ணாச்சிக்கு நல்ல மனசு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அண்ணாச்சியும் நன்றியை வாங்கி வைத்துக்கொண்டார், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒன்றும் தலையெழுத்தில்லை.

பாய்லர் பேசும் என்றால் அக்கா வீட்டிலும் ஏதோ ஒரு பாத்திரம் பேசும், அது இந்தக் கிரிஸ்டலின் இடத்தில் இல்லை, அவ்வளவுதான் என்று அவள் கணக்குப் போட்டாள். இடம் நகர வேண்டுமானால் டிரான்ஸ்மிட்டருக்கு வெளியே தனியாக ஒரு பெட்டி வைத்து, டயலைத் திருப்பத் திருப்ப அலைவரிசை மாறும்படி செய்து, அதன் கம்பியைக் கிரிஸ்டல் இருந்த ஓட்டையில் செருக வேண்டும். படித்தவர்கள் அதை வி.எஃப்.ஓ. என்பார்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வந்த தகர டப்பாவில், பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய, டயலோடு தகடுகள் சுழலும் கேங் கண்டென்சரை வைத்து, தன் கையால் சுற்றிய காயிலை வைத்து அவள் அதைச் செய்ததால் ஊர் அதை டப்பா என்றது. புரட்டாசி முதல் வாரம் டப்பா ஏறியது, கிரிஸ்டல் இறங்கி மேசை இழுப்பறைக்குள் போனது. அன்றைக்கே அண்ணாச்சி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயீ, ரெண்டு மாசமா பால் பொங்கிப் பொங்கியே நான் பாதியாயிட்டேன். இப்பந்தான் ஊர்பூரா போற டப்பா வந்துட்டுல்லா, இனி என் பாய்லர விட்டுரு."

"விட்டுட்டேன் அண்ணாச்சி, சத்தியம்" என்று சொல்லி, டயலின் நடுவில் கிரிஸ்டலின் இடத்தைப் பார்த்துச் சிவப்பு மையால் புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளி வந்தால் மைக்கை அமர்த்திவிட்டுத் தாண்டிப் போவது அவள் வழக்கமாகிவிட்டது.

மற்ற இடமெல்லாம் வீடாக இருந்தது. டயலை மெல்லத் திருப்பினால் ரிசீவரில் ஒரு விசில் கேட்கும், கீச்சென்று ஆரம்பித்து, கிட்டே போகப் போகத் தணிந்து, உறுமலாகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் அடங்கிவிடும். அடங்கிய இடம் ஒரு வீடு. ஒரு வீட்டில் தோசைக்கல் பேசியது, ஒரு வீட்டில் இட்லிக்கொப்பரை, கிராம நிர்வாக அலுவலர் வீட்டில் மூக்கு வைத்த தண்ணிச் செம்பு, அவர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பதில் சொல்லிப் பார்த்தார், பாத்திரங்கள் பேச்சைக் கொண்டுவருமே தவிர பதிலை எடுத்துக்கொண்டு போகாது என்பது அதில் தெரிந்தது. கேட்டவர்கள் வந்து சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றாகப் பெயரெழுதி அட்டையில் குறித்துக்கொண்டே போனாள், கார்த்திகைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு குறித்தாகிவிட்டது.

ஊர் அதை அலட்டிக்கொள்ளாமல் எடுத்துக்கொண்டது. கரண்ட் எப்போது போகும், ரேஷனில் பாமாயில் எப்போது வரும், யார் வீட்டு ஆடு யார் வயலில் நிற்கிறது என்பதெல்லாம் பாத்திரத்தில் வந்தது. முதலில் ஒரு கோளாறு இருந்தது, டப்பா குளிர்ந்திருந்தால் டயல் ஓரிடத்தில் நிற்கும், பேச்சு வழுக்கி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பால் சங்கத்துக்காரர் வீட்டுக்குப் போக வேண்டிய "தாயும் பிள்ளையும் சுகம், சீம்பாலுக்கு ஆள் அனுப்புங்க" என்ற சேதி, கல்யாணமாகி இருபது நாளான ஒரு வீட்டின் குக்கரில் வந்து, மாமியார் கரண்டியை வைத்துவிட்டு மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். அதன்பிறகு அரைமணி நேரம் டப்பாவைச் சும்மா ஓடவிட்டு, சூடேறி நிலைத்தபின்தான் பேச வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானமானது. கொஞ்ச நாளில் அது எல்லாவற்றுக்கும் ஆயிற்று. நிலம் வாங்கப் போகிறவனையும், கோபத்தில் எழுந்தவனையும், "இருப்பா, டப்பா சூடாகட்டும்" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

ரேடியோக்காரர்கள் பேசி முடிக்கும்போது எழுபத்து மூன்று என்பார்கள், நல்லா இருங்க என்று அர்த்தம். திருநீறு பூசிவிடுகிறவர்களும் எழுபத்து மூன்று என்று சொல்லிப் பூசினார்கள். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு டயல் நம்பரும் கேட்டார்கள், இரண்டு வீட்டு நம்பரும் ஒன்றாக இருக்கணும், இல்லையென்றால் நன்றாகத் தள்ளியிருக்கணும், கிட்டக்கிட்ட இருந்தால் விசிலடிக்கும், ஆயுசுக்கும் சண்டை என்றார்கள். தபால்காரர் வீடும் கறிக்கடைக்காரர் வீடும் ஒரே நம்பரில் விழுந்ததால் அன்றிலிருந்து இரண்டு வீடும் சம்பந்தி முறையில் பலகாரம் மாற்றிக்கொண்டன. சென்னையிலிருந்து ஒரு அதிகாரி மீட்டரோடு வந்து மூன்று நாள் அளந்தார், அலைவரிசை எல்லைக்குள்தான் இருக்கிறது, பாத்திரத்துக்கு லைசென்ஸ் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று எழுதிவைத்துவிட்டு, ஒரு தூக்குச்சட்டி வாங்கிக்கொண்டு போனார்.

எல்லா வீடும் வந்தது, ராஜகனி வீடு மட்டும் வரவில்லை. தினமும் ஊர்வேலை முடிந்தபின் சொர்ணக்கிளி டயலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, "அக்கா, கேக்கா? ஓவர்" என்று கேட்டுக்கொண்டே போவாள், சிவப்புப் புள்ளியில் வாயை மூடித் தாண்டுவாள், மறுபடி கேட்பாள். காரணத்தை ஊரே கண்டுபிடித்துச் சொன்னது. ராஜகனி ஆடி மாதமே வீட்டிலிருந்த சில்வர், பித்தளை, இரும்பு அத்தனையையும் பரணில் ஏற்றிவிட்டு மண்சட்டிக்கு மாறிவிட்டாளாம். "தங்கச்சி குரல் காதுல விழக் கூடாதுன்னு எவ்வளவு வைராக்கியம் பாருங்க" என்றார்கள், கூடவே, மண்சட்டியில் அவள் வைக்கிற மீன்குழம்பு முன்னைக்கு இப்போது நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். சொர்ணக்கிளிக்கு அது நெஞ்சில் முள்ளாக நின்றது. கல்யாணப் பத்திரிகை அவளுடைய தெருவில் எல்லா வீட்டுக்கும் வந்தது, காயில்கடை வாசலை மட்டும் தாண்டிப் போனது.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை பகலில் தை மாதத்துக்குச் சம்பந்தமில்லாத மழை கொட்டி, குளம் நிரம்பி, கல்யாண மண்டபத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. மழை விட்ட மூன்று மணிக்கு அத்தான் பொன்னுத்துரை காயில்கடை வாசலில் வந்து செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார்.

"சொர்ணம், பந்தல மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டோம். இருநூறு வீட்டுக்கும் யாரு போய்ச் சொல்ல? நீதான் சொல்லணும்" என்றார் தரையைப் பார்த்து.

"அக்கா சொல்லி வந்தீங்களா அத்தான்?"

"அவளுக்குத் தெரியாது" என்றார் அவர். பிறகு, பேப்பர் ஒன்றை நீட்டி, "எழுதிருக்கபடி அப்படியே வாசிச்சிரும்மா, முறை தப்பக் கூடாது" என்றார்.

முறைப்படி எழுதியிருந்தது. நாள், இடம், முகூர்த்தம், அழைப்பவர் பெயர், தாய்மாமன் முறைக்குச் சீர் கொண்டு வருபவர் என்று ஒன்றுவிட்ட தம்பியின் பெயர். அரைமணி நேரம் டப்பா சூடேறியதும் சொர்ணக்கிளி முதல் வீட்டிலிருந்து தொடங்கினாள். தோசைக்கல்லுக்கு வாசித்தாள், கொப்பரைக்கு வாசித்தாள், அண்டாவுக்கும் அரிவாள்மணைக்கும் வாசித்தாள், தன்னைக் கூப்பிடாத கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டாள், தன் இடத்தில் இன்னொருவர் பெயரை நூற்றெண்பத்தேழு தடவை சொன்னாள். நூற்றெண்பத்தெட்டாவது வீட்டுக்கு டயலைத் திருப்பும்போது, கதகதப்புக்காக டப்பாவுக்குள் புகுந்திருந்த பல்லி ஒன்று கண்டென்சர் தகடுகளுக்கு நடுவில் கால் வைக்க, படீரென்று ஒரு பொறி பறந்து டப்பா செத்துப்போனது. எந்தப் பஞ்சாங்கத்திலும் அந்த இடத்தில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று போட்டிருக்கவில்லை.

மணி ஐந்தரை. இருபத்தைந்து வீடு பாக்கி. டீக்கடையில் சொன்னால் அங்கிருக்கிறவர்கள் போய்ச் சொல்லிவிடுவார்கள் என்று தோன்றியது. சத்தியத்தை மீறுவதற்கு மனசுக்குள் அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இழுப்பறையிலிருந்து கிரிஸ்டலை எடுத்து, ஊதித் துடைத்து, பழைய ஓட்டையில் செருகினாள். செருகும்போது டிக்கென்று ஒரு சத்தம் வந்தது, மைக்கைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, பால இறக்கிருங்க, சொர்ணம் பேசுதேன்" என்று ஆரம்பித்துச் சேதியை வாசித்தாள். சீர் கொண்டு வருபவர் என்ற வரிக்கு வந்தபோது நூற்றெண்பத்தெட்டாவது தடவை அந்தப் பெயர் வாயில் ஏறவில்லை. மைக்கின் பொத்தானிலிருந்து விரலையும் எடுக்க வரவில்லை.

"என்னால முடியல அண்ணாச்சி. ஊருல எல்லா ஏனத்துலயும் தேடிட்டேன், எங்க அக்கா எங்கனயும் இல்ல. அன்னைக்கு வள்ளத்துக்காரங்கள விட்டுட்டு வந்திருக்க முடியாது, அது தப்பில்ல, இன்னைக்கும் அப்படித்தான் செய்வேன். ஆனா வாசல்ல வந்து நின்னு, அவ கண்ணு கலங்கிக் கேட்டப்ப, 'பதினோரு வள்ளத்து உசுர விட உன் மக சடங்கு பெருசா'ன்னு கேட்டேன் பாருங்க, சபையில வச்சி. அது தப்பு. அவளுக்குக் கூடப்பிறந்தது நான் ஒருத்திதான், என்னைய எதிர்பாக்காம வேற யாரை எதிர்பாப்பா? அதைத்தான் அவகிட்ட சொல்லணும்னு டப்பா கட்டுனேன். வேற ஒண்ணுமில்ல. அக்கா, தப்பு எம்மேலதான். ஓவர்."

டீக்கடையில் பால் பொங்கி வழிந்தது, அண்ணாச்சி இறக்கவில்லை, யாரும் இறக்கச் சொல்லவுமில்லை.

கால்மணி நேரத்தில் மூன்று தெருவும் ராஜகனி நடந்து வருவதைப் பார்த்தது. கல்யாண வீட்டுக்காரி, காலில் செருப்பில்லாமல், கையில் மருதாணியும் காயாமல், நெஞ்சோடு ஒரு பித்தளைத் தாம்பாளத்தை அணைத்துக்கொண்டு சேற்றில் வந்தாள். அவர்கள் அம்மாவின் பெயர், தாயம்மாள் என்று, விளிம்பில் புள்ளிபுள்ளியாக வெட்டியிருந்த தட்டு அது, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொர்ணக்கிளி நேரம் தப்பித் தூக்கி வந்து அந்த வாசலிலேயே வைத்துவிட்டுப் போன தட்டு. காயில்கடைக்குள் நுழைந்து, எரிந்த மோட்டார்களைத் தாண்டி, பின்னறை வாசலில் நின்றாள்.

"ஏட்டி" என்றாள். ஒன்பது வருஷத்தில் முதல் சொல். "ஆடியும் ஆவணியும் தெனமும் ஆறு மணிக்கு இந்தத் தட்டுல வந்து பேசுனியே, நான் மடியில வச்சிக் கேட்டுட்டு இருந்தேன். எந்த மோட்டாரு எரிஞ்சுது, என்ன கொழம்பு வச்ச, எல்லாம் கேட்டேன். காய்ச்சலுன்னு சொன்ன, கஞ்சி வச்சிக் கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுப் போனேன். வக்கீல்கிட்டயும் டாக்டர்கிட்டயும் அத்தன பேசுதாளே, அக்கான்னு ஒரு வார்த்த வந்துராதான்னு உக்காந்திருந்தேன். பொரட்டாசியில அதையும் நிறுத்திட்ட. ஊருல எல்லாச் சட்டியிலயும் பேசுத, என் தட்டுல மட்டும் மூச்சு இல்ல. நான் என்னன்னு நெனைக்க?"

சொர்ணக்கிளி சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். அக்கா வீடும் டீக்கடையும் ஒரே நம்பர். தேடப் புறப்பட்ட அன்றைக்கே அவள் அந்த இடத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டியிருக்கிறாள்.

"மண்சட்டி?" என்றாள், வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல்.

"வேற ஏனத்துல நீ வந்து எங்க மாமியார் காதுல விழுந்து, கேக்க விடாமப் பண்ணிட்டா? அதான் எல்லாத்தையும் தூக்கிப் பரண்ல போட்டேன். வந்தா என் தட்டுல மட்டும் வான்னு" என்றாள் ராஜகனி, தாம்பாளத்தைத் தங்கையின் கையில் வைத்தாள். "வெள்ளிக்கெழம ஒம்பதரைக்கு முகூர்த்தம். ஒம்பதுக்குச் சீரோட நீ வரணும். அவரு தம்பிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"அன்னைக்கு மாதிரி எவனாவது கடல்ல மாட்டிக்கிட்டா?"

"மாட்டுனா கரையேத்திட்டு வா. மாப்பிள்ள வீட்டுக்காரன் கேட்டா டப்பா இன்னும் சூடாகலன்னு சொல்லிக்கிடுதேன். தாலி கட்டட்டும், மெதுவாக் கட்டட்டும்." அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, டீக்கடைப் பாய்லரைப் போலவே, "ஓவர்" என்றாள்.

ஒன்பது வருஷமாக அந்த ஒரு சொல்லுக்காகச் சொர்ணக்கிளி காத்திருந்தாள். சொல்ல வேண்டியதை வரிவரியாக மனப்பாடம் செய்தும் வைத்திருந்தாள். இப்போது தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர ஒரு வரியும் வரவில்லை. வாசலில் கூடிவிட்ட பாதி ஊரும் மூச்சுவிடாமல் காத்துக்கொண்டிருந்தது.

"என்னட்டி?" என்றாள் ராஜகனி. "அதான் ஓவர் சொல்லிட்டேம்லா. பேசு."